ஒச்சாயி கேட்ட மரப்பட்டை

அடர்வனப் பல்கலைக்கழகத்தின் மரமேறும் தேர்வில் ஒச்சாயி என்ற உடும்பு தோற்றுப்போனாள். முதலிடம் யாருக்குத் தெரியுமா? ஒரு பன்றிக்கு! பதிவாளர் காட்டுப்பன்றியின் சொந்த மகனுக்கு!

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மரமேறத் தெரியாமல் உடும்பு ஃபெயில். ஏறி முடித்துப் பன்றி ஃபர்ஸ்ட் கிளாஸ். குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. ஒச்சாயிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தேர்வில் முதலில் வருபவருக்குத்தான் மொட்டைப்பாறைக் காவல் வேலை. வெள்ளம் வந்தால் பாறை உச்சியிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். வேலையோடு உச்சியிலேயே ஒரு பொந்தும் கிடைக்கும். ஒச்சாயி குடியிருந்ததோ ஆற்றங்கரையில், ஒரு கறையான் புற்றில். இரண்டு வருஷமாக மழையில் புற்று கரைந்து, அவள் இட்ட முட்டை அத்தனையும் ஆற்றோடு போய்விட்டது. இந்த வருஷமும் மழைக்கு மூன்று மாதம்தான் பாக்கி இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. பல்கலைக்கழகத்தில் இருக்கிற பதிவு எதையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒச்சாயி ஒரு தேக்கிலையில் நகத்தால் கீறி மனு எழுதினாள். "என்னை ஏன் ஃபெயில் ஆக்கினீர்கள்?"

தகவல் அலுவலர் ஆமையார் இலையை வாங்கி வைத்துக்கொண்டு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். முப்பதாம் நாள்தான் வெளியே நீட்டினார்.

"'ஏன்' என்பது தகவல் இல்லையம்மா! எங்ககிட்ட இருக்கிற பதிவைக் கேட்கலாம். காரணம் கேட்க முடியாது. மனு தள்ளுபடி!"

"இதைச் சொல்ல ஒரு மாசமா?"

தலை மறுபடி உள்ளே போய்விட்டது.

ஒச்சாயிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாலால் தரையை நாலு அடி அடித்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஆமையார் வாயாலேயே வழி சொல்லிவிட்டாரே! இருக்கிற பதிவு. அவர்களிடம் என்ன இருக்கிறது? அவளுடைய விடைப்பட்டை இருக்கிறது!

அந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்வுக்கு ஆளுக்கு ஒரு மரம். ஏறி முடித்ததும் நகத்தடம் பதிந்த பட்டையை உரித்து, எண் போட்டு, பாறைக் குகையில் பத்திரமாக அடுக்கி வைப்பார்கள். ஒச்சாயியின் எண் பதினேழு.

இரண்டாவது மனுவில் ஏனும் இல்லை, எப்படியும் இல்லை. "பதினேழாம் எண் விடைப்பட்டையை நான் நேரில் பார்க்க வேண்டும்." அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே பதிவாளர் காட்டுப்பன்றி புற்றைத் தேடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏம்மா ஒச்சாயி, நமக்குள்ள எதுக்கு மனு கினு எல்லாம்? வாபஸ் வாங்கிக்கோ. அடுத்த வருஷம் நீதான் ஃபர்ஸ்ட். நானே பார்த்துப் போட்டுடறேன்!"

"நீங்க பார்த்துப் போட்ட லட்சணம்தான் ஊருக்கே தெரியுதே! எனக்கு மார்க் வேணாம். என் பட்டையைக் காட்டுங்க!"

"ரொம்பத் துள்ளாதே! இந்தக் காட்டுல இருக்கணுமா, வேணாமா?"

"இருக்கணும்னுதானே கேட்கிறேன்!"

பதிவாளர் உறுமிக்கொண்டே போனார். ஒச்சாயிக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் மனுவைத் திரும்பப் பெறவில்லை. இன்னொரு முப்பது நாள் கழித்து ஆமையார் தலையை நீட்டினார்.

"உங்க பட்டையைக் கறையான் அரிச்சிடுச்சும்மா. மனு முடிந்தது!"

அட, யாரிடம் போய் என்ன சொல்வது! கறையான் புற்றில் பிறந்து, கறையானையே தின்று வளர்ந்தவளிடம் கறையான் கதை!

"ஆமை சார்! மண்ணால பாதை கட்டாம கறையான் நகராது. அந்தக் குகை முழுக்கப் பாறை. உள்ள மண் எங்கே இருக்கு?"

ஒச்சாயி அன்றே தகவல் ஆணையர் கழுகிடம் மேல்முறையீடு செய்தாள். கழுகு இலையைப் படித்தது.

"குகையைத் திறங்க. நானும் வர்றேன்!"

குகைக்குள் ஒரு பொட்டு மண் இல்லை. பட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பதினாறுக்குப் பக்கத்தில் பதினெட்டு. நடுவில் இருக்க வேண்டியதைக் காணோம். மூலையில் ஆமையார் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் எழுந்திருங்க சார்," என்றாள் ஒச்சாயி.

"எனக்குக் கால் வலி!"

ஒச்சாயி அவருடைய ஓட்டைக் கவ்விப் பிடித்தாள். உடும்புப் பிடி என்றால் சும்மாவா? ஆமையார் கத்தக் கத்த ஒரே இழுப்பு. அவருக்கு அடியில் கிடந்தது பதினேழாம் எண் பட்டை!

கழுகு குனிந்து பார்த்தது. பட்டையின் அடியில் ஒரு முழ உயரம் வரைக்கும் இரண்டு குளம்புக் கீறல்கள். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

"ஐயா, எனக்கு எப்பங்க குளம்பு முளைச்சது?" என்று கேட்டாள் ஒச்சாயி.

கழுகு முதலிடம் பெற்ற பட்டையையும் எடுக்கச் சொன்னது. அதில் அடியிலிருந்து உச்சி வரை ஐந்தைந்து நகத்தடம், நடுவே வால் இழுபட்ட கோடு. பட்டைகளின் எண்ணை மாற்றிப் போட்டிருந்தார்கள்!

பதிவாளர் பதவி அன்றே போயிற்று. ஆமையாரை விறகு எண்ண அனுப்பினார்கள். "நல்லவேளை! உயரம்னாலே எனக்குத் தலை சுத்தும்!" என்று பன்றி மகன் சந்தோஷமாகச் சேற்றுக்கு ஓடினான்.

முதல் மழை கொட்டியபோது ஆற்றங்கரைப் புற்று கரைந்து ஆற்றோடு போனது. ஒச்சாயி மொட்டைப்பாறை உச்சியில் நின்று, "வெள்ளம் வருது! மேட்டுக்கு ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவளுக்குப் பின்னால், நனையாத பொந்தில், பன்னிரண்டு முட்டைகள் பத்திரமாக இருந்தன.

உனக்கு உரியதை அதிகாரத்தில் இருப்பவர் மறைத்தால், ஏன் என்று புலம்பாதே. இன்னது வேண்டும் என்று குறிப்பாகக் கேள், அது கண்முன் வரும்வரை பிடியை விடாதே!