நெருப்புச் சட்டியோடு தீவுக்குப் போனவள்

கேளுங்கள். ஆண்டுதோறும் வெள்ளம் ஊருக்குள் வந்து போகும் நாடு ஒன்று முன்பு இருந்தது. முதல் ஆண்டு பலர் செத்தார்கள், ராஜா வருந்தினார். மறு ஆண்டும் செத்தார்கள், மறுபடி வருந்தினார். மூன்றாம் ஆண்டுதான், வருந்துவதால் தண்ணீர் வடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"ஆபத்தில் பிழைக்கத் தெரிந்த ஒருவரை வெள்ளக் காவலராக வைப்பேன்" என்று பறையறைவித்தார்.

மூன்று பேர் வந்தார்கள். அரிசி விற்கும் உலகப்பச் செட்டியார், படைவீரன் கொற்றன், ஓடக்காரி மருதி.

"ஆற்று நடுவிலுள்ள தீவில் நாற்பது நாள் இருங்கள். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுபோகலாம்" என்றார் ராஜா.

செட்டியார் ஒரு மூட்டை அரிசி எடுத்தார். கொற்றன் வாளை எடுத்தான். மருதி ஒரு சட்டி நெருப்பு எடுத்தாள்.

தீவில் இறங்கியதும் செட்டியார் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார். அரிசியைப் பச்சையாக மென்றார், வயிறு வலித்தது. கொற்றன் வாளால் மீன் குத்தி, பச்சையாகத் தின்றான், வாந்தி எடுத்தான். மருதி சுள்ளி பொறுக்கி நெருப்பைக் காத்தாள். அவளுக்குத் தின்ன ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. சுள்ளி தீர்ந்தது. மருதி உரக்கக் கூப்பிட்டாள்.

"நெருப்பு அணையப் போகிறது! என் ஒருத்தியால் ஆகாது. வாருங்களேன்!"

"நான் எழுந்தால் கொற்றன் அரிசியை எடுப்பான்" என்றார் செட்டியார்.

"நான் வாளைக் கீழே வைத்தால் செட்டியார் எடுப்பார்" என்றான் கொற்றன்.

"எடுத்து என்ன செய்வார், கடிப்பாரா?" என்றாள் மருதி. "எனக்குப் பசிக்கிறது அண்ணா. விறகும் வேண்டும், அரிசியும் வேண்டும்."

கொற்றன் யோசித்தான். பிறகு வாளால் விறகும் மூங்கிலும் வெட்டினான். செட்டியார் இறங்கிவந்து, மூங்கில் குழாயில் அரிசி போட்டார். சோறு வெந்தது. அன்றுமுதல் முறைவைத்து நெருப்பைக் காத்தார்கள்.

நாற்பதாம் நாள் ராஜா படகில் வந்தார். மூவரும் உயிரோடு இருந்தார்கள். பதவி ஒன்றுதான் என்பதால் அவருக்குச் சங்கடமாயிற்று.

"யார் யாரைக் காப்பாற்றியது?"

"அது தெரியாது மகாராஜா. மருதி கூப்பிட்டாள், போனோம்" என்றார் செட்டியார். கொற்றனும் தலையாட்டினான்.

மருதி வெள்ளக் காவலரானாள். அந்த ஆண்டு வெள்ளம் வந்தபோது தெருத்தெருவாக நின்று கூப்பிட்டாள். வண்டி இருந்தவர் வண்டியோடு வந்தார், கயிறு இருந்தவர் கயிற்றோடு வந்தார். ஒருவரும் சாகவில்லை. அரண்மனை யானை மட்டும் நனைந்தது.

தன்னிடம் இல்லாததை வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவரே ஆபத்தில் பிழைப்பார்.