தண்ணீரில் நின்ற கூம்பு

"மேடம், இந்த மருந்துல திருடன் இருக்கான்," என்றார் வடமலை.

குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடர் வடமலைக்கு ஐம்பத்தாறு. மருந்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் புது எந்திரம் வந்ததும், 'நானும் கத்துக்கறேன்' என்று தானாக வந்து சேர்ந்தவர்.

எந்திரத்துக்குள் தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். மருந்துக் கரைசலை ஒரு சொட்டுக்கும் குறைவாக உள்ளே விட்டு மின்சாரம் பாய்ச்சினால், கலந்திருப்பவை ஒன்றையொன்று முந்திப் பிரிந்து ஓடும். ஒவ்வொன்றும் கடக்கும்போது திரையில் ஒரு கூம்பு எழும்.

குழந்தைகள் வார்டுக்குப் போக வேண்டிய ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்து அது. ஒரே கூம்புதான் எழ வேண்டும்.

மூன்று நாளாக இரண்டு எழுந்தன.

வடமலை அறிக்கையே எழுதி, அடியில் தன் பெயரோடு கையெழுத்தும் போட்டுவிட்டார். 'பெயர் தெரியாத பொருள் கலந்துள்ளது. சரக்கு முழுவதையும் நிராகரிக்கலாம்.'

ஜெசிந்தா அதைப் படித்தாள். ஒப்பமிடவில்லை.

"வார்டுல கையிருப்பு இன்னிக்கு வரைக்கும்தான் சார். மருந்தே போடாம வெறும் தண்ணிய ஓட்டுங்க."

"தண்ணில என்ன மேடம் இருக்கப்போவுது?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

ஓட்டினார். மருந்தின் கூம்பைக் காணோம். திருடன் மட்டும் ஒண்டியாக நிமிர்ந்து நின்றான்.

"அடப்பாவி! தண்ணியிலயுமா?"

"வேற தண்ணி எடுங்க."

எடுத்தார். இன்னும் உயரமாக நின்றான்.

வடமலைக்கு மண்டை விண்ணென்றது. சட்டைப் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து நெற்றியில் பரபரவென்று தேய்த்தார். அதே விரலால் அடுத்த குப்பியின் மூடியைத் திறக்கப் போனார்.

ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"கையுறை எங்க சார்?"

"போட்டா மூடி வழுக்குது மேடம்."

"எத்தன நாளா தலவலி?"

"மூணு நாளா. எல்லாம் இந்தத் திருட்டுப்பயலாலதான்."

"அவன் வர்றதுக்கு முன்னாடி?"

"முன்னாடி வெறும் ஜலதோஷம்."

"அதுக்கு என்ன பண்ணீங்க?"

வடமலை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

ஜெசிந்தா குழாயடியைக் காட்டினாள்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கையுறை மாட்டினார். எந்திரத்தின் கண்ணாடிக் குழாயை அலசி, புதுக் குப்பியில் புதுத் தண்ணீர் விட்டு ஓட்டினார்.

திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

மருந்தை ஓட்டினார். ஒரே கூம்பு.

"மருந்து மேல ஒரு குத்தமும் இல்ல மேடம். இப்பவே அனுப்பிடலாம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த அறிக்கையக் குடுங்க, கிழிச்சிடறேன்," என்றார்.

"எதுக்குக் கிழிக்கணும்? ஒரு வார்த்தைதான் சார் தப்பு."

"எந்த வார்த்தை?"

"'பெயர் தெரியாத'ன்னு எழுதிட்டு, கீழயே பேரும் போட்டிருக்கீங்க."