ஆதாரத்துக்கு ஒரு போட்டோ

"இந்தப் பசங்களுக்கு நெறிமுறை சொல்லிக்கொடுக்கவே முடியாது, மேடம்" என்றார் தணிகாசலம்.

வணக்கம் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. அத்தனை கோபம்.

அவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு வாத்தியார். அவருக்கும் வேறு நாற்பது பேருக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவர் பர்வீன். வயது முப்பத்தொன்று. ஆனாலும் சந்தேகம் வந்தால் தணிகாசலம் பஸ் ஏறிப் பயிற்சி மையத்துக்கு அவரிடம்தான் வருவார். குரு என்றால் குருதான்.

பர்வீன் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார்.

"என்ன ஆச்சு, சார்?"

"ஒன்பதாம் வகுப்புக்கு நெறிமுறைப் பாடம் எடுத்தேன். போர்டுல கொட்டை எழுத்துல எழுதிப் போட்டேன்."

"என்னன்னு?"

"ஒருவரின் அனுமதி இல்லாமல் அவர் படத்தை எடுக்கவோ, பரப்பவோ, இயந்திரத்தில் ஏற்றவோ கூடாது."

"நல்லது. அப்புறம்?"

"அப்புறம் எல்லாரையும் அந்த போர்டு முன்னாடி நிக்க வச்சு போட்டோ எடுத்தேன்."

பர்வீன் டப்பாவை மூடினார்.

தணிகாசலத்துக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? மரம் நட்டாலும் போட்டோ, கை கழுவினாலும் போட்டோ, உறுதிமொழி எடுத்தாலும் போட்டோ. வாட்ஸ்அப் குரூப்பில் ஏறாவிட்டால் நடத்திய பாடமும் நடத்தாத பாடம்தான். நம் பள்ளிக்கூடங்களை இப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். நினைத்தால் வயிறு எரிகிறது.

"கோபிகான்னு ஒரு பொண்ணு. க்ளிக் பண்ற நேரம் பார்த்து நோட்டை எடுத்து மூஞ்சியை மூடிக்கிட்டா. நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் மூடிக்கிட்டா. 'எங்களைக் கேக்கவே இல்லையே சார்'னு எதிர்ப்பேச்சு வேற. வெளியே நிக்க வச்சேன். அன்னைக்குப் போனவதான், நாலு நாளா ஸ்கூலுக்கே வரல. திமிரு."

"ஏன் மூடிக்கிட்டா?"

"போன வருஷம் ஆண்டு விழா போட்டோவிலேர்ந்து எவனோ அவ மூஞ்சியை எடுத்து, யார்கூடவோ ஆடுற மாதிரி வீடியோ பண்ணிட்டான். அவங்க தெரு பூரா சுத்திச்சு. இன்னொரு போட்டோ வெளியே வந்தா படிப்பை நிறுத்திடுவேன்னு அப்பா சொல்லியிருக்காராம்."

"அந்த ஆண்டு விழா போட்டோவை எடுத்து குரூப்ல போட்டது யாரு?"

தணிகாசலம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான்தான். ஆதாரத்துக்கு."

பர்வீனின் முகம் சிவந்துவிட்டது. டப்பாவைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க சார். பசியோட வந்திருப்பீங்க."

பசிதான். தணிகாசலம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். வாய் நிறையத் தயிர் சாதம், மீசையில் இரண்டு பருக்கை. அந்த நேரம் பார்த்து பர்வீன் செல்போனைத் தூக்கி க்ளிக் செய்தார்.

"மேடம்!"

"நம்ம ஆசிரியர் குரூப்ல போடப்போறேன். முன்னூறு பேர் பார்ப்பாங்க. வந்தவரை நல்லா கவனிச்சோம்னு எங்களுக்கும் ஆதாரம் வேணும்ல?"

தணிகாசலம் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? அழிங்க! முதல்ல அதை அழிங்க!"

"எதிர்த்துப் பேசாதீங்க. வெளியே போய் நில்லுங்க."

தணிகாசலம் எச்சில் கையைக் கழுவிக்கொண்டார்.

வெளியே போனார். வராந்தாவின் சிமெண்டுத் தரை வெயிலில் காலைச் சுட்டது.

கொஞ்ச நேரத்தில் பர்வீன் வந்தார். அவர் கண் முன்னாலேயே படத்தை அழித்தார்.

"உள்ளே வரலாமா, மேடம்?"

"கோபிகா எவ்வளவு நேரம் நின்னா?"

"ரெண்டு பீரியட்."

பர்வீன் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தணிகாசலம் தன் வீட்டுக்குப் போகவில்லை. கோபிகாவின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே அவள் அப்பாவிடம், "தப்பு என்னுது. போன வருஷமும் என்னுதுதான். அவ போட்டோ இனிமே எங்கேயும் போகாது" என்றார்.

அந்த மனிதர் உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்?

திங்கட்கிழமை கோபிகா வந்தாள். நோட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பத்தரை மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து போன். "சார், நெறிமுறைப் பாடத்துக்கு உங்க ஸ்கூல் போட்டோ மட்டும்தான் வரல. பன்னெண்டு மணிக்குள்ள ஏத்துங்க. இல்லன்னா பாடம் எடுக்கலைன்னு எழுதிடுவோம்."

அந்த நான்கு போட்டோவையும் அவர் ஏற்கெனவே அழித்திருந்தார்.

தணிகாசலம் வகுப்பை விட்டு வெளியே வந்தார். கோபிகாவை நிற்க வைத்த அதே தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவளைக் கூப்பிட்டு செல்போனை நீட்டினார்.

"நான் மட்டும் தெரியிற மாதிரி ஒண்ணு எடும்மா."

அவள் வாங்கினாள். போனைத் தூக்கிப் பிடித்தாள். தணிகாசலம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

அவள் க்ளிக் செய்யவில்லை. போனைக் கீழே இறக்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமா, சார்?"