கூழாங்கரட்டூர் லாரிக்குத் துரு எடுத்த கதை

கூழாங்கரட்டூர்க்காரர்கள் ஒரு வேலையைத் தொட்டால் பாதியில் விடமாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

ஊருக்குப் பொதுவாக ஒரு லாரி இருந்தது. மஞ்சள் மூட்டையும் திருவிழாக் கூட்டமும் ஏற்றியே கிழடுதட்டிப்போன லாரி. இருபத்திரண்டு வருஷமாக அதை ஓட்டியவர் அர்த்தநாரி. கல்யாண நாள் அவருக்கு ஞாபகம் இருக்காது, ஆனால் லாரிக்குக் கடைசியாக ஆயில் மாற்றிய தேதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இப்போது லாரிக்கு உடம்பெல்லாம் துரு. பதினைந்து நாளில் டவுன் அதிகாரியிடம் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். வாங்காவிட்டால் வண்டி காயலான் கடைக்கு என்று ஊர் கூடி முடிவுசெய்துவிட்டது. அன்றிலிருந்து அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்த் தலைவர் நாச்சிமுத்து உடனே ஒரு குழு அமைத்தார். தலைவர் அவரே. தீர்மானம் எழுதச் செயலாளர் சின்னமணி. கவலைப்பட உறுப்பினர் அர்த்தநாரி. மூவரும் சந்தைப்பேட்டையில் டிங்கர் வேலை பார்க்கும் ஜமால் பாயைத் தேடிப் போனார்கள். பாய் சுத்தியலைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"துரு இருக்கிற இடத்தையெல்லாம் நல்ல இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டுங்க. ஒரு பொட்டு விட்டாலும் உள்ளயே இருந்து தின்னுப்புடும். தண்ணி ஒரு சொட்டு படக் கூடாது. அப்புறம் பெயிண்ட் அடிங்க. அவ்வளவுதான்."

சின்னமணி அதை அப்படியே நோட்டில் எழுத, மூவரும் அடியில் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் கூட்டம் லாரி ஷெட்டில் நடந்தது.

"தின்னும்னாரே பாய், அது எந்நேரத்துலீங்க திங்கும்?" என்று கேட்டார் சின்னமணி.

"பசிச்சாத் திங்கும்," என்றார் தலைவர்.

"அப்ப வேற இரும்பைப் போட்டா நம்ம லாரிய விட்ருமுங்களா?" என்றார் அர்த்தநாரி, கண்ணில் நம்பிக்கையோடு.

தலைவர் உடனே சின்னமணியை எழுதச் சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. லாரியிலிருந்து பத்தடி தள்ளி வாழை இலை போட்டு, முறைப்படி தண்ணீர் தெளித்து, ஒரு படி ஆணி பரிமாறினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் ஆணியெல்லாம் துரு.

"சாப்பிட்டிருக்குது," என்றார் தலைவர் திருப்தியாக.

அடுத்து தண்ணீர். ரேடியேட்டரில் இருந்ததை முழுக்க இறக்கிவிட்டார்கள். ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்த அடிபம்பிலிருந்து சாரல் அடிக்குமே என்று அதன் கைப்பிடியைக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். ஊர்ப் பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவுக்கு நடந்து, குழுவை வாய்க்கு வந்தபடி வாழ்த்தினார்கள்.

பிறகு சுரண்டல் தொடங்கியது. டிரைவர் பக்கத்துக் கதவில் அர்த்தநாரி ஆரம்பித்தார். துரு உதிர்ந்தது. கீழே இன்னும் துரு. அதையும் சுரண்டினார். மத்தியானம் கை அந்தப் பக்கம் போய்விட்டது.

"நல்ல இரும்பு தெரியுதா?" என்று தலைவர் கேட்டார்.

அர்த்தநாரி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தெரியுதுங்க. நம்ம அடிபம்பு தெரியுது."

தலைவரும் குனிந்து பார்த்தார். "நல்ல இரும்புதான். கதவு முடிஞ்சுதுன்னு எழுதிக்க."

சாயங்காலம் கதவு கழன்று விழுந்தது. இருபத்திரண்டு வருஷம் முழங்கை வைத்த கதவு. அர்த்தநாரி குலுங்கிக் குலுங்கி அழுதார். தலைவர் பதறிப்போய் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"வெளிய போய் அழுடா! தண்ணி மட்டுமா அது? உப்பு வேற!"

இப்படியே கேபின் போனது, பாடி போனது, அடிச்சட்டம் போனது. சுரண்ட வசதியாகக் கழற்றிவைத்த என்ஜினைச் சுரண்டி முடித்துத் திரும்ப மாட்டப் போனபோது மாட்டுவதற்கு எதுவும் இல்லை. மாட்ட இடமும் இல்லை. பதினான்காம் நாள் மிச்சம் இருந்தவை: ஸ்டியரிங், முன்கண்ணாடி, ஆறு டயர், ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன்.

"ஒரு பொட்டுத் துரு இருக்கா பாரு!" என்றார் தலைவர் பெருமையாக. அர்த்தநாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நிஜமாகவே இல்லை. இத்தனை சுத்தமாக லாரியை அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

பாய் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தாரே? லாரியின் பின்பலகை இல்லாததால், கடைசியாக வரப்போகும் சின்னமணியின் சட்டை முதுகில் 'ஹாரன் அடிக்கவும்' என்று சிவப்பில் எழுதினார்கள்.

மறுநாள் லாரி டவுனுக்குப் புறப்பட்டது. முன்னால் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தலைவர். பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அர்த்தநாரி. இருபுறமும் டயர் உருட்ட ஆறு பேர். கடைசியில் சின்னமணி. மேட்டில் அர்த்தநாரி கியர் மாற்றியதும் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள்.

அதிகாரி வேப்பமரத்தடியில் படிவத்தை விரித்து உட்கார்ந்திருந்தார். படிவத்திலிருந்து தலையை எடுத்தால் வரிசை தப்பிவிடும் என்பதால் அவர் தலையை எடுப்பதில்லை.

"துரு?"

"இல்லீங்க."

"புகை?"

"சுத்தமா இல்லீங்க."

"ஆயில் ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகாதுங்க."

"டயர்?"

"ஆறுங்க."

"ஹாரன்?"

அர்த்தநாரி உயிரைக் கொடுத்து அமுக்கினார். வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

"போன தடவை இதே வண்டி எவ்வளவு கேவலமா வந்துச்சு! பராமரிச்சா இப்படிப் பராமரிக்கணும்," என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, சான்றோடு ரசீதைச் சேர்த்துக் குண்டூசி குத்திக் கொடுத்தார்.

அர்த்தநாரி சான்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே கையால் ஊர்வரை ஓட்டினார். ஷெட்டில் 'வரலாம், வரலாம்' என்று சின்னமணி சொல்லச் சொல்ல, ரிவர்ஸில் நிறுத்தினார். லாரி பிழைத்துவிட்டது. குழு சான்றைச் சுற்றி நின்று கண்குளிரப் பார்த்தது.

சின்னமணிதான் முதலில் கவனித்தார். "அண்ணா... குண்டூசியில என்னமோ பழுப்பா இருக்குதுங்களே?"

மூவரும் குனிந்தார்கள். சர்க்கார் குண்டூசி. துரு.

தலைவர் நோட்டைப் பிரித்து, பாய் சொன்னதை உரக்க வாசித்தார். அர்த்தநாரி உப்புத்தாளை எடுத்து, இருபத்திரண்டு வருஷப் பாசத்தையும் கூட்டி, ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தார். குண்டூசி போனது. ரசீது போனது. கையெழுத்து போனது, சீலும் போனது.

"நல்ல இரும்பு தெரியுதா?" என்று தலைவர் கவலையோடு கேட்டார்.

அர்த்தநாரி சான்றின் நடுவே விழுந்த ஓட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

"தெரியுதுங்க! அடிபம்பு!"