பெட்டிக்குள் தேய்ந்த செயின்

பீளமேட்டில் எலக்ட்ரிக் பைக்குகளை வாடகைக்கு விடும் நிலையத்தின் மேலாளர் தனுஷ்கோடி, தன் வாயில் வருவதையே சட்டமாகக் கருதுபவர். செயினைத் தேய்த்தவரிடமிருந்து பைக்கைப் பறிப்பது அவர் வைத்த சட்டம். சில வாரங்களாக அவர் யாருடைய செயினைச் சோதித்தாலும் அது தேய்ந்தே இருந்தது. அப்படிப் பறிக்கப்பட்ட பைக்குகளெல்லாம் அவருடைய மச்சான்மாரிடம் போய்ச் சேர்ந்தன. வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுசெல்லும் எஸ்தருக்கு இது உறுத்தியது. பைக் போனால் அவள் பிழைப்பும் போய்விடும்.

அன்று அவள் முறை. மற்ற ஓட்டுநர்கள் பார்த்திருக்க, தனுஷ்கோடி தேய்மானம் காட்டும் அளவுத் தகட்டைச் செயினில் வைத்துக் கையை எடுத்தார். தேயாத செயினில் தகட்டின் பல் இறங்காது, இதில் இறங்கியது.

“பாத்தியாம்மா? கண்டபடி ஓட்டித் தேச்சுட்ட. சாவியக் குடு. புதுச் செயின் மாட்டி வேற ஆளுக்குக் குடுக்கணும்.”

எஸ்தர் சாவியை நீட்டினாள்; பிடியை விடவில்லை. “குடுத்தர்றனுங்க சார். அந்தப் புதுச் செயினையும் இங்கயே அளந்து காட்டிருங்க. நாளைக்கு அதையும் நாந்தான் தேச்சேன்னு பேச்சு வரக்கூடாதுங்க.”

“புதுச அளக்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?”

“அளக்கறதுக்குப் பயமுங்களா சார்?”

ஓட்டுநர்கள் நெருங்கி வந்தார்கள். தனுஷ்கோடி வேறு வழியின்றிப் பெட்டியைப் பிரித்து, புதுச் செயின்மேல் தகட்டைத் தொட்டும் தொடாமலும் பிடித்தார்.

“என்னோடதுல கைய எடுத்தீங்களே, அதே மாதிரி எடுங்க சார்.”

எடுத்தார். அவரே அரத்தால் ராவி மெலிதாக்கியிருந்த தகட்டின் பல், புதுச் செயினுக்குள்ளும் சட்டென்று இறங்கியது.

எஸ்தர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அடேங்கப்பா! பெட்டிக்குள்ளயே இவ்வளவு ஓடித் தேஞ்சிருக்குதுங்களே சார். ஓட்டினது உங்க மச்சானுங்களா?”