கோயில் தெரு வழியாக

“ஞாயித்துக்கிழமை வந்தா சமாதானம்னு பிரசங்கம் பண்றீங்க. ஊருல சண்டைய மூட்டுறதும் நீங்கதானம்மா?”

கேட்டவர் ஞானமுத்து. தபால் ஆபீஸ் வேலையில் ஓய்வு பெற்றபின், ஊழியம் கற்றுக்கொள்ள ஊர்ச் சபையின் ஆயர் ஜெயசீலியிடம் வந்து சேர்ந்த உபதேசியார். வயதில் ஆயரைவிட மிக மூத்தவர்.

ஜெயசீலி வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன சண்டைய மூட்டினேன்?”

“கீழத்தெருக்காரங்க காலங்காலமா வாய்க்கால் கரை வழியாத்தான் கல்லறைக்குப் போறாங்க. யாரும் குறை சொன்னதில்ல. நீங்க வந்த பிறகுதான் மனு, உண்ணாவிரதம், போலீஸ்.”

“யாரும் குறை சொன்னதில்லையா?”

“என் காதுல விழுந்ததில்ல.”

“உங்க வீடு எந்தத் தெரு, உபதேசியாரே?”

“கோயில் தெரு.”

ஆயர் வேதாகமத்தை எடுத்துக்கொண்டார்.

“வாங்க.”

கீழத்தெருவில் சலோமி இறந்துபோயிருந்தாள். நாற்று நட்டு, களை பறித்து, ஒரே மகளை நர்ஸாக்கியவள்.

மகள் ரெபேக்கா அழவில்லை. சவப்பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றாள்.

“அப்பாவக் கொண்டுபோனப்ப கரையில வழுக்கி, பெட்டி வாய்க்காலுக்குள்ள விழுந்துட்டு. அம்மா இடுப்பளவு தண்ணியில இறங்கி, அது அடிச்சிட்டுப் போகாம கட்டிப் பிடிச்சிட்டு நின்னா. அவள அந்த வழியாக் கொண்டுபோக மாட்டேன்.”

“கோயில் தெருவுக்குள்ள போனா மேல்சாதிக்காரங்க அடிப்பாங்க தாயி,” என்றார் ஒருவர்.

“தெரியும்.”

ஞானமுத்து ஆயரின் பக்கம் குனிந்தார்.

“இன்னைக்கு மட்டும் சுத்திப் போயிரலாம்மா. பிறகு பேசித் தீத்துக்கலாம்.”

“அத ரெபேக்காகிட்ட சொல்லுங்க.”

ஞானமுத்து ரெபேக்காவைப் பார்த்தார். கூட்டத்தின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ஆயர் முன்னால் நடந்தார். ஞானமுத்து கடைசியில், கூட்டத்தோடு சேர்ந்தும் சேராமலும் வந்தார்.

கோயில் தெரு முனையில் ஆட்கள் வழியை அடைத்து நின்றார்கள். முன்னால் நின்றவர் அருமைநாயகம், ஞானமுத்துவின் அண்ணன். போலீஸ்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அடக்கம் பண்ணப் போறோம் ஐயா,” என்றார் ஆயர். “வழி விடுங்க.”

“வாய்க்கால் கரை இருக்குல்லா?”

“இந்தத் தெருவும் இருக்கே.”

எங்கிருந்தோ ஒரு கல் வந்தது.

முன்னால் தூக்கிக்கொண்டு வந்த ரெபேக்காவின் கணவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் ரத்தம்.

பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது.

“அம்மா!” என்று ரெபேக்கா அலறினாள். காலையிலிருந்து அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு எப்படி முன்னால் வந்தோம் என்று ஞானமுத்துவுக்குத் தெரியாது. சரிந்த மூலை அவர் தோளில் இருந்தது.

“ஏல ஞானமுத்து! நீ எதுக்குல அங்க நிக்க?” என்று அருமைநாயகம் கத்தினார்.

ஞானமுத்து ஆயரைப் பார்த்தார். ஆயர் அடிபட்டவனின் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேக்கேன்லா? நீ யார் பக்கம்ல?”

ஞானமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

“கனக்குதுண்ணே,” என்றார். “வழி விடு.”