செஷல்ஸுக்கு ஒரு தீ

எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண்கள் ஐந்து பேர். அறிவில் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவள் இல்லை. நான்தான் தலைவி. நாலாம் வகுப்புவரை போனவள் என்பதால் தினமும் பேப்பரை உரக்க வாசிப்பதும் என் பொறுப்பு.

குருவம்மாள் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். என் மகன் ஆவுடையப்பனுக்கு செஷல்ஸ் தீவில் கொத்து வேலை. அவன் போன் பேசி நாலு நாள் ஆகிவிட்டது. பேப்பரில் தேடினால் அமெரிக்கா பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது, செஷல்ஸ் ஒரு வரிகூட இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அந்த நாடு இன்னும் இருக்கான்னே சந்தேகமா இருக்கு மதினி,” என்றாள் பவளம். ஆறுதலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிருபர் ஒருவரைப் பிடித்தோம். “அங்கே எங்க ஆளு யாரும் கிடையாது அக்கா. சின்ன நாடு வேற. தீயோ வெள்ளமோ வந்தாத்தான் பேப்பர்ல பேரு வரும்,” என்றார்.

திரும்பி வந்து ஆலோசித்தோம்.

“தீக்கு எங்கே போக?”

“குருவம்மாக்கா கிட்டத்தான் நிறையக் கிடக்கே! இன்னைக்கும் மூணாம் பக்கத்துல காட்டுத்தீ.”

குருவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எம் மவன் நாட்டுத் தீயை நான் ஏன் தரணும்?”

“ஏளா, உங்களுக்குப் புயலும் இருக்கு, வெள்ளமும் இருக்கு. ஒரு தீயைக் குடுத்தா குறைஞ்சா போவீக?” என்று கெஞ்சினேன்.

“சரி, எடுத்துக்கோ. வெள்ளத்தைத் தொடப்பிடாது.”

லேபிள் ஒட்டுவது எங்களுக்குக் கைவந்த வேலை. ஒரு பீடி லேபிளின் பின்பக்கம் செஷல்ஸ் என்று எழுதி, தலைப்பில் இருந்த அமெரிக்காவின் மேல் பசை தடவி ஒட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

“செஷல்ஸில் பயங்கரக் காட்டுத்தீ. ஆயிரம் வீடுகள் நாசம்.”

அவ்வளவுதான். “ஐயோ, எம் புள்ள!” என்று தலையில் அடித்துக்கொண்டு விழுந்தேன். மற்றவர்களும் கூடவே அழுதார்கள். குருவம்மாள் அழுததுதான் அதிகம். தீயைக் கொடுத்தவள் அல்லவா?

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆவுடையப்பன்!

“எம்மா, போன் ரிப்பேரு, அதான் பேசல. நல்லாத்தான் இருக்கேன்.”

“தீ?”

“தீயா? இங்கே நாலு நாளா மழைல்லா பெய்யுது!”

“மறைக்காதலே! பேப்பர்லயே வந்துட்டு. கையில இருக்கதைப் போட்டுட்டு இப்பமே அமெரிக்காவுக்கு ஓடிரு. குருவம்மா மவன் வீட்டுல இருந்துக்கோ. அங்கே பயமில்லை, தீயை நாங்க எடுத்தாச்சு.”